அத்தியாயம் 5: பகுதி எண்கள் வேறுபடும் பின்னங்களைக் கூட்டல்

5.1 கூட்டலுக்கு முன் எழும் கேள்வி

ஒரு முழுப்பொருளைச் சம பங்குகளாகப் பிரித்து அவற்றுள் சிலவற்றை எடுத்துக்கொண்டதைக் குறிக்கும் எண்ணே பின்னம் ஆகும். கோட்டின் கீழே எழுதப்படும் பகுதி எண், முழுப்பொருள் எத்தனை சம பங்குகளாகப் பிரிக்கப்பட்டது என்பதைச் சொல்வதன் மூலம் ஒவ்வொரு பங்கின் பருமனையும் தீர்மானிக்கிறது. மேலே எழுதப்படும் தொகுதி எண், அந்தப் பங்குகளில் எத்தனை எடுக்கப்பட்டன என்பதை எண்ணிக் காட்டுகிறது. ஒன்று பருமனையும் மற்றது எண்ணிக்கையையும் குறிப்பதை மாணவர் மனத்தில் நிறுத்திக்கொண்டால், இந்த அத்தியாயத்தில் வரும் விதிகளில் எதையும் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்ய வேண்டிய நிலை ஏற்படாது.

தேயிலைத் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது தொழிலாளரின் நாள்வரவைப் பதியும் இடாப்பில், ஒருவருக்கு இரண்டு நாட்களில் அரைப்பேர் (அரைநாள் வரவு) வீதம் விழுந்திருந்தால், கணக்குப்பிள்ளை அவற்றைச் சேர்த்து ஒரு பேராகக் கொள்வதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. 1/2 + 1/2 = 2/2 = 1 என்ற இக்கணக்கில் இரண்டு பங்குகளும் ஒரே பருமன் உடையவை என்பதால், தொகுதி எண்களை மட்டும் கூட்டினாலே போதுமானதாகிறது. ஆனால் ஒரு மலையில் (தோட்டத்தின் ஒரு தேயிலை நிலத் துண்டில்) திங்கட்கிழமை மூன்றில் ஒரு பங்கிலும் செவ்வாய்க்கிழமை நான்கில் ஒரு பங்கிலும் கொழுந்து பறிக்கப்பட்டதென்றால், ‘இரண்டு பங்கு பறித்தாயிற்று’ என்று சொல்வதில் பொருள் இல்லை. அந்த இரண்டும் மூன்றில் இரண்டும் அன்று, நான்கில் இரண்டும் அன்று. எனவே இவ்வகைக் கூட்டலில் முதலில் எழும் கேள்வி, இவ்விரு பங்குகளையும் மிச்சமின்றி அளக்கக்கூடிய, இரண்டுக்கும் பொதுவான சிறு பங்கு எது என்பதே. அதற்கு விடை கிடைத்தபின் எஞ்சியிருப்பது சாதாரண முழு எண்களின் கூட்டல் மட்டுமே.

5.2 ஒன்றுள் ஒன்று அடங்கும் பகுதி எண்கள்

ஒரு பகுதி எண் மற்றொன்றின் மடங்காக அமையும் கணக்குகளிலிருந்து கற்பித்தலைத் தொடங்குவது நல்லது. கடையில் அரை றாத்தல் பாணும் கால் றாத்தல் பாணும் வாங்கிவரும் பிள்ளைக்கு, இரண்டும் சேர்ந்து முக்கால் றாத்தல் என்பது எவரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். அந்த விடைக்கு வரும்போது பிள்ளை தன்னை அறியாமலே அரையை இரண்டு கால்களாக மாற்றிவிடுகிறது. அதைத் தாளில் எழுதிக் காட்டுவதே ஆசிரியரின் வேலை.

1/2 + 1/4 = 2/4 + 1/4 = 3/4

இங்கு 1/2, 2/4 ஆகிய இரண்டும் ஒரே அளவைக் குறிக்கும் இரு எழுத்து வடிவங்கள் ஆகையால் அவை சமவலுப் பின்னங்கள் எனப்படுகின்றன. ஒரு பின்னத்தின் பகுதி எண்ணையும் தொகுதி எண்ணையும் பூச்சியமல்லாத ஒரே எண்ணால் பெருக்கும்போது, பங்குகள் சிறியனவாகும் அதே மடங்கில் அவற்றின் எண்ணிக்கை கூடுகிறது. மொத்த அளவு மாறுவதில்லை. மேலுள்ள எண்ணையும் கீழுள்ள எண்ணையும் சேர்த்தே பெருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்கு இதுவே காரணம்.

5.3 ஏக்கர், றூட், பேர்ச்

மலையகத்தில் காணியை அளக்கப் பயன்படும் அளவு முறையிலேயே பொதுவான சிறு பங்கு ஒன்று ஆயத்தமாக இருக்கிறது. ஓர் ஏக்கர் 4 றூட்டுகளையும், ஒரு றூட் 40 பேர்ச்சுகளையும் கொண்டிருப்பதால், ஓர் ஏக்கர் 160 பேர்ச் ஆகிறது. நுவரெலியாப் பக்கத்தில் ஓர் ஏக்கர் மரக்கறித் தோட்டத்தில் 1/4 பங்கில் கரட்டும், 1/5 பங்கில் லீக்சும், 1/8 பங்கில் பீட்ரூட்டும் பயிரிடப்படுவதாகக் கொண்டால், மொத்தம் எவ்வளவு நிலம் பயிரில் இருக்கிறது, எவ்வளவு வெறுமனே கிடக்கிறது என்ற கேள்விக்குப் பேர்ச் கணக்கில் உடனே விடை காணலாம். கரட் 40 பேர்ச், லீக்ஸ் 32 பேர்ச், பீட்ரூட் 20 பேர்ச். ஆக மொத்தம் 92 பேர்ச். எஞ்சிய நிலம் 68 பேர்ச்.

இதை மாணவர் கையாலேயே செய்து பார்க்கச் சதுரக் கோடிட்ட கொப்பியின் ஒரு பக்கம் போதும். நீளத்துக்கு 16 சதுரங்களும் உயரத்துக்கு 10 சதுரங்களும் கொண்ட ஒரு செவ்வகத்தை வரைந்து, ஒவ்வொரு சதுரத்தையும் ஒரு பேர்ச்சாகக் கொண்டால், அச்செவ்வகம் ஓர் ஏக்கரின் படமாகிவிடும். இடப்புறமிருந்து நான்கு நிரல்களுக்கு ஒரு நிறமும், அடுத்த இரண்டு நிரல்களுக்கு வேறொரு நிறமும் தீட்டினால் முறையே 1/4 பங்கும் 1/8 பங்கும் கிடைக்கும். எஞ்சிய 100 சதுரங்களில் மேலிருந்து மூன்று வரிசைகளையும் நான்காம் வரிசையில் இரண்டு சதுரங்களையும் மூன்றாம் நிறத்தால் நிரப்பினால் 32 சதுரங்கள், அதாவது 1/5 பங்கு நிறைவுபெறும். நிறம் தீட்டிய சதுரங்களை எண்ணிப் பார்க்கும் மாணவர், மூன்று வேறு பகுதி எண்களைக் கொண்ட பின்னங்களை எந்த விதியும் இல்லாமல் கூட்டிவிடுகிறார்.

அதே கணக்கைப் பின்னமாக எழுதினால் 40/160 + 32/160 + 20/160 = 92/160 என வரும். தொகுதி எண்ணும் பகுதி எண்ணும் 4 ஆல் மீதியின்றி வகுபடுவதால், விடையை 23/40 எனச் சுருக்கலாம். இவ்வாறு மேலும் சுருக்க இயலாத நிலையை எட்டிய பின்னம் எளிய வடிவில் உள்ளது எனப்படும். விடையின் பகுதி எண் 40 ஆக அமைவதிலிருந்து, இக்கணக்குக்கு 160 பங்குகள் தேவையே இல்லை, ஏக்கரை 40 பங்குகளாகப் பிரித்திருந்தாலே போதும் என்பதும் விளங்குகிறது. 1/4 = 10/40, 1/5 = 8/40, 1/8 = 5/40; கூட்டினால் 23/40.

5.4 முந்திரிக் கணக்கு

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த எண்சுவடியிலும் இதே உத்தி காணப்படுகிறது. அரை, கால், அரைக்கால் (1/8), வீசம் அல்லது மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), அரைக்காணி (1/160), முந்திரி (1/320) என்று பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் வழங்கிய அந்த முறையில், மேற்சொன்னவை யாவும் முந்திரியின் முழு மடங்குகளாகவே அமைந்தன. அரை 160 முந்திரி, கால் 80, அரைக்கால் 40, வீசம் 20, மா 16, காணி 4, அரைக்காணி 2 என்ற வாய்பாடு தெரிந்தவருக்கு, அரைக்காலையும் மாவையும் கூட்டுவது 40 உடன் 16 ஐக் கூட்டுவது போன்ற எளிய வேலை. விடை 56 முந்திரி. பின்ன வடிவில் 56/320, எளிய வடிவில் 7/40. இன்றைய முறையில் 1/8 + 1/20 = 5/40 + 2/40 = 7/40 என்று செய்தாலும் அதே விடை வருவதை மாணவர் சரிபார்க்கலாம். ஏக்கரில் ஒரு பேர்ச் என்பது இந்தப் பழைய கணக்கின்படி சரியாக அரைக்காணிப் பங்கு, அதாவது இரண்டு முந்திரி.

ஆயினும் 160, 320 ஆகிய இரண்டும் 2, 5 என்னும் முதன்மை எண்களை மட்டுமே காரணிகளாகக் கொண்டவை. முதன்மை எண் என்பது 1 ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1 இலும் பெரிய எண்ணாகும். இதனால் மூன்றில் ஒரு பங்கு வந்தவுடன் இரண்டு அளவுகளும் கைவிட்டுவிடுகின்றன: ஓர் ஏக்கரில் மூன்றில் ஒன்று 53 பேர்ச்சும் மிச்சமும், முந்திரிக் கணக்கில் அது 106 முந்திரியும் மிச்சமும் ஆகும். 60 நிமிடங்களைக் கொண்ட மணித்தியாலத்தில் மூன்றில் ஒன்று 20 நிமிடமாகச் சரியாக விழுகிறது. ஆனால் அங்கே எட்டில் ஒன்று ஏழரை நிமிடமாகிச் சிக்கலைத் தருகிறது. ஆயத்தமான அளவு எதுவும் எல்லாப் பின்னங்களுக்கும் பொருந்துவதில்லை என்பதால், கையிலுள்ள பின்னங்களுக்கு ஏற்ற பொதுப் பகுதி எண்ணை ஒவ்வொரு முறையும் தாமே உருவாக்கிக்கொள்ளும் வழியை மாணவர் கற்க வேண்டியுள்ளது.

5.5 எந்தப் பின்னத்துக்கும் பொருந்தும் முறை

இதற்கு இரண்டு வழிகள் நெடுங்காலமாகவே அறியப்பட்டுள்ளன. 628 இல் பிரமஸ்புட சித்தாந்தத்தை இயற்றிய பிரமகுப்தர் காட்டும் வழியில், ஒவ்வொரு பின்னத்தின் தொகுதி எண்ணும் பகுதி எண்ணும் மற்றப் பின்னத்தின் பகுதி எண்ணால் பெருக்கப்படுகின்றன. இந்த வழி ஒருபோதும் பிழைப்பதில்லை. எனினும் தேவைக்கு மேற்பட்ட பெரிய எண்களைத் தந்துவிடுவதுண்டு. 9ஆம் நூற்றாண்டில் இராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலத்தில் கணித சார சங்கிரகத்தை எழுதிய மகாவீரர், பகுதி எண்களின் பொது மடங்குகளுள் மிகச் சிறியதைக் கண்டு அதையே பொதுப் பகுதி எண்ணாக வைக்கும் சுருக்க வழியை விளக்கினார். இலங்கைப் பாடநூல்களில் பொது மடங்குகளுட் சிறியது, சுருக்கமாகப் பொ.ம.சி., என்று வழங்கப்படுவது இதுவே.

பொ.ம.சி. கொண்டு கூட்டும் முறையை நான்கு படிகளாக வகுக்கலாம்.

முதற்படி: விடையை உத்தேசமாக மதிப்பிடுதல். அது அரைக்கு மேலா கீழா, ஒன்றுக்கு மேலா கீழா என்பதை எழுதுமுன்பே சொல்லிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: பகுதி எண்களின் பொ.ம.சி.யைக் காணுதல்.

மூன்றாம் படி: ஒவ்வொரு பின்னத்தையும் அந்தப் பொதுப் பகுதி எண்ணைக் கொண்ட சமவலுப் பின்னமாக மாற்றுதல்.

நான்காம் படி: தொகுதி எண்களை மட்டும் கூட்டி, பகுதி எண்ணை அப்படியே வைத்து, விடையை எளிய வடிவுக்குச் சுருக்குதல்.

முன்னர் குறிப்பிட்ட மலைக்கே இம்முறையைப் பொருத்திப் பார்க்கலாம். 5ஆம் நம்பர் மலையில் திங்கட்கிழமை 1/3 பங்கும், செவ்வாய்க்கிழமை 1/4 பங்கும், புதன்கிழமை 1/6 பங்கும் பறித்து முடிக்கப்பட்டால், மூன்று நாளிலும் சேர்த்து எவ்வளவு முடிந்தது? முதலிரு நாட்களின் வேலையே அரைக்குச் சற்று மேல் என்பதால், விடை அரைக்கும் ஒன்றுக்கும் இடையில் இருக்க வேண்டும். 3, 4, 6 ஆகியவற்றுள் மிகப் பெரியதான 6 இன் மடங்குகளை 6, 12, 18 என்று வரிசையாகச் சொல்லிச் சென்றால், 3 ஆலும் 4 ஆலும் வகுபடும் முதல் எண் 12 ஆகும். எனவே

1/3 + 1/4 + 1/6 = 4/12 + 3/12 + 2/12 = 9/12 = 3/4

முக்கால் மலை முடிந்துவிட்டது. வியாழக்கிழமைக்குக் கால் பங்கு எஞ்சியுள்ளது. பகுதி எண்களை வெறுமனே பெருக்கியிருந்தால் 72 என்ற பொதுப் பகுதி எண்ணும் 54/72 என்ற விடையும் கிடைத்து, சுருக்கும்போது அதே முக்காலில் வந்து முடிந்திருக்கும்.

பகுதி எண்களுக்கு 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாதபோது பெருக்கமே பொ.ம.சி. ஆகிவிடும். தோட்ட வீடமைப்புத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு உரியதாகப் பேசப்பட்ட 7 பேர்ச் காணியை எடுத்துக்கொள்ளலாம். அதில் 2/7 பங்கு வீட்டுக்கும் 1/3 பங்கு வீட்டுத்தோட்டத்துக்கும் ஒதுக்கப்பட்டால், 7 க்கும் 3 க்கும் பொ.ம.சி. 21 ஆகையால், 6/21 + 7/21 = 13/21 பங்கு பயன்பாட்டில் வந்துவிடும்; எஞ்சுவது 8/21 பங்கு. பேர்ச் கணக்கில் வீட்டுக்கு 2 பேர்ச், அதாவது 544½ சதுர அடி. தோட்டத்துக்கு 2⅓ பேர்ச். மிச்சம் 2⅔ பேர்ச். மூன்றையும் கூட்டினால் 7 பேர்ச் வருவது விடையின் சரிபார்ப்பாக அமைகிறது.

5.6 பெரிய பகுதி எண்கள்

12, 18 போன்ற எண்களில் மடங்குகளைச் சொல்லிச் செல்வது நேரத்தை எடுக்கும் என்பதால், அடுக்கு வகுத்தலைப் பயன்படுத்தலாம். இரண்டு எண்களையும் அருகருகே எழுதி, இரண்டையும் வகுக்கும் முதன்மை எண்ணால் தொடர்ந்து வகுத்துக்கொண்டே செல்ல வேண்டும். 12, 18 ஆகியவற்றை 2 ஆல் வகுக்க 6, 9. அவற்றை 3 ஆல் வகுக்க 2, 3. இனிப் பொதுக் காரணி இல்லை. வகுத்த எண்களையும் இறுதியில் எஞ்சிய எண்களையும் பெருக்கினால் 2 × 3 × 2 × 3 = 36 என்ற பொ.ம.சி. கிடைக்கும்.

5/12 + 7/18 = 15/36 + 14/36 = 29/36

சமவலுப் பின்னமாக மாற்றும்போது எதனால் பெருக்குவது என்பதில் பல மாணவர் தடுமாறுவதால், 36 ÷ 12 = 3 எனவும், 36 ÷ 18 = 2 எனவும் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ளும் பழக்கத்தை ஏற்படுத்த வேண்டும். முதற் பின்னம் 3 ஆலும் இரண்டாம் பின்னம் 2 ஆலும் மேலும் கீழும் பெருக்கப்படுகின்றன.

5.7 கலப்பு எண்கள்

முழு எண்ணும் பின்னமும் சேர்ந்த 2¾ போன்ற எண் கலப்பு எண் எனப்படும். கலப்பு எண்களைக் கூட்டும்போது முழு எண்களைத் தனியாகவும் பின்னங்களைத் தனியாகவும் கூட்டி, இறுதியில் ஒன்றுசேர்ப்பது வசதியானது. ஒரு குடும்பம் மரக்கறித் தோட்டத்தில் சனிக்கிழமை 2¾ மணித்தியாலமும் ஞாயிற்றுக்கிழமை 1⅚ மணித்தியாலமும் வேலை செய்திருந்தால், முழு எண்கள் 2 + 1 = 3; பின்னங்கள் 3/4 + 5/6 = 9/12 + 10/12 = 19/12. தொகுதி எண் பகுதி எண்ணை விடப் பெரிதாக உள்ள இத்தகைய பின்னம் முறைமையில்லாப் பின்னம் எனப்படும். அதில் ஒரு முழு அடங்கியிருப்பதால் அதை 1 7/12 என எழுதி, முன்னைய 3 உடன் சேர்த்தால் மொத்தம் 4 7/12 மணித்தியாலம் ஆகும். மணிக்கூட்டைக் கொண்டு சரிபார்த்தால், 45 நிமிடமும் 50 நிமிடமும் சேர்ந்து 95 நிமிடம், அதாவது ஒரு மணித்தியாலம் 35 நிமிடம். 35 நிமிடம் மணித்தியாலத்தின் 7/12 பங்கு என்பதால் விடை பொருந்துகிறது.

5.8 வழமையான பிழைகளும் அவற்றைத் திருத்தும் வகையும்

மாணவரிடையே மிகப் பரவலான பிழை, மேலுள்ளதை மேலுள்ளதோடும் கீழுள்ளதைக் கீழுள்ளதோடும் கூட்டி 1/2 + 1/3 = 2/5 என எழுதுவதாகும். ‘பிழை’ என்று சிவப்புக் கோடு இழுப்பதனால் மட்டும் இது நீங்குவதில்லை. அரையோடு எதையோ சேர்த்தபின் கிடைத்த 2/5 அரையை விடக் குறைவாக இருப்பதை மாணவரே கண்டுகொள்ளும்படி செய்ய வேண்டும். மதிப்பீட்டை முதற்படியாக வைத்ததன் பயன் இங்கே தெரியவரும்.

இந்தப் பிழைக்குப் பின்னால் ஒரு நியாயமும் ஒளிந்திருப்பதை ஆசிரியர் அறிந்திருப்பது அவசியம். இரண்டு வினாக்களில் ஒன்றுக்கும், அடுத்த தாளில் மூன்று வினாக்களில் ஒன்றுக்கும் சரியான விடை எழுதிய மாணவர், மொத்தம் ஐந்தில் இரண்டுக்குச் சரியாக எழுதியிருக்கிறார் என்பது உண்மையே. ஆனால் அங்கு 1/2 என்பது இரண்டு வினாத் தாளின் பங்கு, 1/3 என்பது மூன்று வினாத் தாளின் பங்கு. முழுப்பொருள்கள் வேறு வேறானவை. பின்னங்களின் கூட்டலுக்கோ இரண்டு பங்குகளும் ஒரே முழுப்பொருளிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். ஓர் ஏக்கரின் காலையும் ஒரு ஹெக்டேயரின் மூன்றில் ஒன்றையும் அப்படியே கூட்ட முடியாததும் இதனாலேயே. ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ 2.47 ஏக்கர் என்பதைக் கொண்டு ஒன்றை மற்றொன்றாக மாற்றிய பின்னரே கூட்டல் பொருள்படும்.

இரண்டாவது பிழை, பகுதி எண்ணை மட்டும் மாற்றிவிட்டுத் தொகுதி எண்ணை மறந்துவிடுவது: 1/2 + 1/3 = 1/6 + 1/6 = 2/6. இவ்வாறு எழுதிய மாணவரிடம் ஆறு கட்டங்கள் கொண்ட ஒரு பட்டையை வரையச் சொல்லி, அதில் பாதியை நிறம் தீட்டச் சொன்னால், மூன்று கட்டங்கள் நிறம் பெறுவதைக் கண்டு 1/2 = 3/6 என்பதை அவரே திருத்திக்கொள்வார். மேலும் இரண்டு கட்டங்களை மூன்றில் ஒன்றுக்காகத் தீட்டியதும் சரியான விடையான 5/6 கண்ணெதிரே நிற்கும். விடையைச் சுருக்காமல் விடுவதை மூன்றாவது குறையாகக் கூறலாம்; 9/12 என்ற விடை பெறுமானத்தில் தவறானதன்று என்றாலும், எளிய வடிவில் கேட்கப்பட்ட வினாவுக்கு அது முழுமையான விடையாகாது.

5.9 பயிற்சிகள்

1. 1/2 + 3/8
2. 2/5 + 1/4
3. 7/12 + 5/8
4. 3⅚ + 2 4/9
5. ஓர் ஏக்கரில் 3/8 பங்கில் உருளைக்கிழங்கும் 3/10 பங்கில் கரட்டும் பயிரிடப்பட்டால், பயிரிடப்பட்ட நிலத்தையும் எஞ்சிய நிலத்தையும் பேர்ச்சில் காண்க.
6. இரண்டு மாவையும் ஒரு வீசத்தையும் கூட்டி, விடையை முந்திரியிலும் எளிய பின்ன வடிவிலும் எழுதுக.

விடைகள்: (1) 7/8 (2) 13/20 (3) 1 5/24 (4) 6 5/18 (5) 108 பேர்ச், 52 பேர்ச் (6) 52 முந்திரி, 13/80

பயிற்சிகளைத் திருத்தும் ஆசிரியரும், வீட்டில் பிள்ளைக்கு உதவும் பெற்றோரும், விடை சரியா என்பதைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒவ்வொரு கணக்கிலும் தெரிவுசெய்த பொதுப் பகுதி எண் எதனால் பொருத்தமானது என்று மாணவரை வாய்விட்டுச் சொல்லச் செய்ய வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்த மாணவருக்கு அடுத்த அத்தியாயத்தில் வரும் பின்னங்களின் கழித்தல் புதிய பாடமாக இராது. கூட்டல் குறி இருந்த இடத்தில் கழித்தல் குறி வருவதைத் தவிர படிகள் யாவும் இவையே.